பேறுகாலமும் பேரேடும்

திரிசிரபுரத்து மலைக்கோயிலில் எழுந்தருளியிருக்கும் இறைவனுக்குத் தாயுமானவர் என்னும் திருநாமம் வந்த கதையை நம்மவர் எல்லோரும் அறிவர். இரத்தினாவதி என்னும் பெண்ணுக்குப் பேறுகாலம் நெருங்கியது. உதவிக்கு வரவேண்டிய தாய் காவிரியின் மறுகரையில் நின்றாள். ஆற்றிலோ பெருவெள்ளம், கடக்க முடியவில்லை. இறைவனே தாயின் வடிவெடுத்து வந்து மகப்பேறு பார்த்தான். வெள்ளம் வடிந்து உண்மைத் தாய் வந்து சேர்ந்தபோதுதான் முன்னர் வந்தவர் யாரென்பது விளங்கிற்று.

இக்கதையைப் பக்தியோடு படிக்கும் நாம், அதனுள் அடங்கிய ஓர் உலகியல் உண்மையையும் கவனித்தல் வேண்டும். பிள்ளை பெறுபவளுக்கு ஆபத்து தன் உடம்பினால் வருவது ஒன்று. உதவி தூரத்தில் இருப்பதனால் வருவது இன்னொன்று. இரத்தினாவதிக்கு ஆறு குறுக்கே கிடந்தது. ஹற்றன், நுவரெலியாப் பகுதித் தோட்டங்களில் வாழும் நம் தாய்மாருக்கு மலையும் மண்சரிவும் பழுதான பாதையும் குறுக்கே கிடந்தன. பல இடங்களில் இன்றும் கிடக்கின்றன.

இத்தூரத்தையும் நேரத்தையும் ஒரே தாளில் கோடாக வரைந்து, “இதற்குமேல் தாமதித்தல் ஆகாது” என்று காலத்தில் எச்சரிக்கும் முறை ஒன்று உண்டு. அதுவே பிரசவ முன்னேற்ற வரைபடம். வைத்தியசாலைகளில் ‘பார்ட்டோகிராம்’ என வழங்குவது. அது எவ்வாறு தோன்றிற்று, மருத்துவமாது அதனை எவ்வாறு எழுதுகிறாள், நம் மலைநாட்டுக்கு அது எதனை உணர்த்துகிறது என்பனவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

தோட்டத்துக் கணக்கு

தோட்டம் என்பது தொடக்கந்தொட்டே கணக்கினால் ஆளப்பட்ட இடமாகும். 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலையைப் பயிரிடுவதற்கு முன்னரே, கோப்பித் தோட்டங்களில் கங்காணியின் கணக்கு நடைமுறைக்கு வந்துவிட்டது. தொழிலாளி பட்ட கடன் ‘துண்டு’ எனப்படும் கடதாசியில் எழுதப்பட்டது. அந்தத் துண்டோடு அவன் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குக் கைமாறினான். 1921 இல் சட்டத்தினால் ஒழிக்கப்படும்வரை அம்முறை நீடித்தது. கடல் கடந்து வந்தவர்களுக்குத் தோட்டத்தின் எழுத்தும் இலக்கமும் பொறித்த தகரச் சீட்டும் கொடுக்கப்பட்டது.

நாளாந்த வேலைக்கும் அவ்வாறே. காலைப் பெரட்டில் பேர் எடுக்கப்படும். பறித்த கொழுந்து நிறுக்கப்பட்டுக் கணக்கப்பிள்ளையின் புத்தகத்தில் ஏறும். ஒரு பெண் எத்தனை ராத்தல் பறித்தாள், அவளுக்கு முழுப்பேரா அரைப்பேரா என்பதெல்லாம் செக்றோலில் தவறாது பதிவாகும். ராத்தல் போய்க் கிலோ வந்தபோதும் இந்த ஒழுங்கு மாறவில்லை.

ஆனால், அதே பெண் லயக் காம்பராவில் இடுப்புவலியோடு கிடந்த இரவில், வலி எத்தனை மணிக்குத் தொடங்கிற்று, பன்னீர்க்குடம் எப்போது உடைந்தது, குழந்தையின் இதயம் எவ்வாறு துடித்தது என்பனவற்றை எழுதிவைப்பார் இல்லை. பிள்ளை பிறந்தால் பிறப்பு என்று ஏட்டில் ஏறும். தாய் மாண்டால் இறப்பு என்று ஏறும். முடிவு பதிவாயிற்று, முடிவுக்கு முன்னிருந்த மணித்தியாலங்கள் பதிவாகவில்லை. தாயின் உயிர் நிலைப்பதும் நீங்குவதும் அந்த மணித்தியாலங்களிலேயே தங்கியிருந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

மருத்துவிச்சியின் வாய்க்கணக்கு

பழைய மருத்துவிச்சியை இகழ்வது எமது நோக்கமன்று. வைத்தியர் எட்டிப்பாராத காலத்தில், குளிரிலும் மழையிலும் ஒரு லயத்திலிருந்து மறு லயத்துக்கு அரிக்கன் விளக்கோடு நடந்து, தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளைக் கையிலேந்தியவள் அவள். வயிற்றைத் தடவிப் பார்த்தே பிள்ளையின் தலை எங்கே, முதுகு எங்கே என்று சொல்லக்கூடியவர்கள் அவர்களிடையே இருந்தனர்.

ஆயினும் அவளுடைய கணக்கு வாய்க்கணக்கு. கோழி கூவியபோது வலி கண்டது, பெரட்டுத் தப்பு அடித்தபோது குடம் உடைந்தது, பகற்கொழுந்து நிறுக்கும் வேளையில் வலி தணிந்தது என்றே அவள் காலத்தை நினைவில் வைத்தாள். இந்த நினைவுக்கு மூன்று குறைகள் உண்டு. இரவு முழுவதும் கண்விழித்தவளுக்கு நேரம் மயங்கும். இன்னொருவர் வந்து பொறுப்பேற்கும்போது முன்னர் நடந்ததை அவர் அறிய வழியில்லை. இவ்விரண்டினும் கொடியது மூன்றாவது: நம்பிக்கை நேரத்தை விழுங்கிவிடும். “தலைப்பிள்ளைக்கு அப்படித்தான், இன்னுங் கொஞ்சம் பொறு” என்னும் அன்பான சொல் இரண்டு மணித்தியாலத்துக்கொரு தடவை சொல்லப்பட்டு, ஒரு பகலும் ஓர் இரவும் கடந்துவிடும்.

நீண்ட பிரசவம் ஏன் ஆபத்தானது? கருப்பையின் சுருக்கம் வலுக்குறையலாம். இடுப்பெலும்பின் வழி ஒடுங்கியிருக்கலாம். குழந்தையின் தலை பெரிதாகவோ அதன் கிடை மாறியோ இருக்கலாம். இவற்றுள் எதனால் தடை நேரினும் குழந்தைக்கு மூச்சுத் திணறும். தாய்க்குக் கிருமி தொற்றும். கருப்பை கிழிதலும் கூடும். பிள்ளை பிறந்தபின் இரத்தம் பெருகும். பிழைத்த தாயருள்ளும் சிலர் சிறுநீர் தங்காத தீராக் குறையோடு வாழ்நாளைக் கழிக்க நேரும். சிறுவயது முதல் போதிய ஊட்டமின்றி வளர்ந்து குட்டையாகிய பெண்களுக்கு இடுப்பின் வழி ஒடுங்கியிருத்தல் கூடுதலாகக் காணப்படும். ஆகவே பஞ்சமும் பிரசவமும் தொடர்பற்றவை என்று எண்ணுதல் தவறு.

இலங்கையில் மருத்துவமாதர்

மேனாட்டுப் பிரசவ நூலறிவு தமிழருக்குப் புதிதன்று. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணிபுரிந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், மான்செல் என்பாரின் பிரசவ வைத்திய நூலை 1857 இல் தமிழில் வெளியிட்டார். தமிழிலேயே மருத்துவம் கற்பித்த பெருமை அவருக்குரியது. சென்னை எழும்பூரில் 1844 முதலே பெண்களுக்கான பிரசவ வைத்தியசாலை இயங்கிவந்தது. கொழும்பிலே சார்ள்ஸ் ஹென்றி டி சொய்சாவின் கொடையினால் 1879 இல் டி சொய்சா பிரசவ விடுதி திறக்கப்பட்டது. அங்கே மருத்துவமாதருக்குப் பயிற்சியளிக்கும் பணியும் தொடங்கிற்று. 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு நிறுவப்பட்டபோது, மருத்துவமாது வீடுதோறும் சென்று கர்ப்பவதிகளைக் கண்டு பதிவுசெய்யும் முறை ஏற்பட்டது. 1927 ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டளைச் சட்டம் மருத்துவமாதரைப் பதிவுசெய்வதற்கும் விதிசெய்தது.

இவற்றின் பயன் சிறிதன்று. 1930களில் இந்நாட்டில் ஒரு லட்சம் பிறப்புகளுக்கு 2,000க்கும் மேற்பட்ட தாய்மார் மடிந்தனர். 1950களின் தொடக்கத்தில் அத்தொகை ஏறத்தாழ 500 ஆகக் குறைந்தது. இக்காலத்தில் அது 30, 40 என்னும் அளவில் நிற்கிறது. செல்வத்தில் நம்மிலும் மிக்க நாடுகள் சில இன்னும் இந்நிலையை எட்டவில்லை. பயிற்சி பெற்ற மருத்துவமாதும், அவள் கையிலிருந்த பதிவேடும், இலவச வைத்தியசாலையும் சேர்ந்து செய்த காரியம் இது.

எனினும் இந்த வெளிச்சம் தோட்டங்களுக்குப் பிந்தியே வந்தது. 1872 இலும் 1912 இலும் பிறந்த சட்டங்கள் தோட்ட மக்களின் மருத்துவத் தேவையைத் தோட்ட நிருவாகத்தின் தலையில் வைத்தன. பிள்ளை பெற்றவளுக்கு நான்கு வாரம் உணவும் உறைவிடமும் கொடுக்கவேண்டும், அக்காலத்தில் அவளை வேலைக்கு அழைக்கலாகாது என்று 1912 ஆம் ஆண்டின் சட்டம் கூறிற்று. 1939 ஆம் ஆண்டின் பிரசவ நன்மைகள் கட்டளைச் சட்டம் பணக் கொடுப்பனவுக்கு வழிசெய்தது. சட்டம் ஏட்டில் இருந்தது. அது லயத்துக்கு வந்து சேர்ந்தது தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபட்டது. சில தோட்டங்களில் நல்ல பிரசவ விடுதியும் பயின்ற மருத்துவமாதும் இருந்தனர். வேறு சிலவற்றில் மருந்துக் குப்பிகளும் பூட்டிய அறையுமே இருந்தன.

தோட்டங்கள் 1972 இலும் 1975 இலும் அரசுடைமையாயின. 1992 இல் கம்பனிகளின் நிருவாகத்துக்கு மாறின. இடையே 1974 அளவில் நேர்ந்த உணவுத் தட்டுப்பாட்டின்போது, தோட்டங்களில் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் நூற்றுக்கும் மேற்பட்டவை ஒரு வயது காணாமல் மடிந்த கொடுமையை நம் மூத்தோர் மறவார். அதன்பின் சுகாதார அமைச்சின் சேவை படிப்படியாகத் தோட்டங்களுக்குள் நுழைந்தது. தோட்டத்து மருத்துவமாதும் அரசாங்கத்தின் பொதுச் சுகாதார மருத்துவமாதும் கர்ப்பவதிகள் பதிவேட்டை எழுதத் தொடங்கினர். இன்று நாட்டில் நிகழும் பிரசவங்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேற்பட்டவை வைத்தியசாலைகளிலேயே நிகழ்கின்றன.

கோடு பிறந்த கதை

இனி, அந்தத் தாளின் வரலாற்றுக்கு வருவோம். 1954 இல் நியூயோர்க் நகரத்து வைத்தியர் எமானுவேல் பிறீட்மன், தலைப்பிள்ளை பெறவந்த 100 பெண்களின் பிரசவத்தை அளந்து ஆராய்ச்சியொன்றை வெளியிட்டார். கருப்பையின் வாய் எத்தனை சென்ரிமீற்றர் விரிந்தது என்பதை மணித்தியாலத்துக்கு எதிராகத் தாளில் புள்ளியிட்டு, அப்புள்ளிகளை அவர் இணைத்தார். தொடக்கத்தில் மெல்லப் படுத்துச் சென்ற கோடு பின்னர் செங்குத்தாக ஏறிற்று. பாடசாலைப் பிள்ளை கணிதக் கொப்பியில் வரையும் வரைபைப் போன்றதே அது. ஆயினும், அதுவரை வைத்தியர் “போகிறது”, “தாமதமாகிறது” என்று சொல்லால் மதித்த ஒன்று, அன்றுமுதல் எவரும் கண்ணாற் கண்டு ஒப்பிடக்கூடியதாயிற்று.

நியூயோர்க் வைத்தியசாலையில் அறுவைக்கூடம் அடுத்த அறையில் இருந்தது. அடுத்த அறையில் அது இல்லாத நாடுகளுக்கு யாது வழி? இவ்வினாவுக்கு விடை ஆபிரிக்காவிலிருந்து வந்தது. இன்று சிம்பாப்வே எனப்படும் ரொடீசியாவில் ஹியூ பில்பொட் என்னும் வைத்தியர் பணிபுரிந்தார். நகரத்திலே ஒரு பெரிய வைத்தியசாலை. சுற்றிலும் தூரத்தில் சிறு பிரசவ நிலையங்கள். அங்கெல்லாம் வைத்தியர் இல்லை, மருத்துவமாதரே இருந்தனர். எந்தத் தாயைத் தம்மிடமே வைத்துக்கொள்வது, எந்தத் தாயை எப்போது நகரத்துக்கு அனுப்புவது என்பதை அவர்கள் தனித்தே முடிவுசெய்ய வேண்டியிருந்தது.

பில்பொட்டும் காசில் என்பவரும் சேர்ந்து 1972 இல் வெளியிட்ட முறையில் அந்த வரைபில் இரண்டு சாய்கோடுகள் சேர்ந்தன. முதலாவது எச்சரிக்கைக் கோடு. மணித்தியாலத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் என்னும் கணக்கில் அது மேலேறும். இரண்டாவது செயற்கோடு. எச்சரிக்கைக் கோட்டுக்கு வலப்புறமாக, நான்கு மணித்தியாலம் தள்ளி, அதற்குச் சமாந்தரமாக வரையப்பட்டது. தாயின் கோடு முதலாவதைத் தாண்டினால் மருத்துவமாது அவளைப் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பவேண்டும். இரண்டாவதை எட்டினால் வைத்தியர் ஏதேனும் ஒன்றைச் செய்தாக வேண்டும்.

அந்த இடைவெளி ஏன் நான்கு மணித்தியாலம் என்பதை வாசகர் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். தூரத்து நிலையமொன்றிலிருந்து தாயை நகரத்து வைத்தியசாலைக்குக் கொண்டுசேர்க்க வேண்டிய காலம் அது. வண்டியும் பாதையும் பயணமும் அந்த வெற்றிடத்தினுள் அடங்கியிருந்தன. உடம்பின் கணக்கையும் வழியின் கணக்கையும் ஒருங்கே காட்டிய இந்தத் தாள், ஆபிரிக்க மருத்துவமாதுக்காக வரையப்பட்டதாயினும், பொகவந்தலாவைக்கும் மஸ்கெலியாவுக்கும் அளவெடுத்துத் தைத்த சட்டைபோற் பொருந்துவது.

தாளை வாசிக்கும் முறை

பிரசவ அறையில் மருத்துவமாது எழுதும் தாளைச் சுருக்கமாகப் பார்ப்போம். மேலே தாயின் பேர், எத்தனையாவது பேறு, வந்த நேரம், குடம் உடைந்த நேரம் என்பன இருக்கும். அதன்கீழ் மூன்று பகுதிகள் வரும்.

முதற்பகுதி குழந்தையைப் பற்றியது. அதன் இதயத்துடிப்பை அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை எண்ணிப் புள்ளியிடுவர். நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இருப்பது இயல்பு. பன்னீர் தெளிவாக இருக்கிறதா, குழந்தையின் மலம் கலந்து பச்சையாயிற்றா, இரத்தம் கலந்துளதா என்பதற்கு ஒவ்வோர் எழுத்து உண்டு. மண்டையெலும்புகள் ஒன்றன்மேலொன்று ஏறுகின்றனவா என்பதும் எழுதப்படும். மிகையாக ஏறுமானால் வழி ஒடுங்கியுள்ளது என்பதற்கு அது அறிகுறி.

நடுப்பகுதியே தாளின் இதயம். கருப்பையின் வாய் விரிந்த அளவைப் பெருக்கற்குறியால் இடுவர். பூச்சியத்திலிருந்து பத்துச் சென்ரிமீற்றர் வரை அது ஏறவேண்டும். குழந்தையின் தலை எவ்வளவு இறங்கிற்று என்பதை வட்டத்தால் இடுவர். இடுப்பெலும்புக்கு மேலே தலை எத்தனை விரற்கடை தட்டுப்படுகிறது என்று வயிற்றின்மேல் கைவைத்தே இதனை அறியலாம். ஐந்து விரல் தட்டுப்பட்டால் தலை இறங்கவில்லை. ஒன்றும் தட்டுப்படாவிடின் முற்றாக இறங்கிற்று. பழைய மருத்துவிச்சியின் கைப்பழக்கம் இவ்விடத்தில் விஞ்ஞானத்தின் அளவுகோலாக மாறிநிற்பது காண்க. அதன்கீழே, பத்து நிமிடத்துள் எத்தனை முறை வலி வந்தது, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் நின்றது என்பதற்குச் சிறு கட்டங்கள் உண்டு. இருபது விநாடிக்குக் குறைந்தால் புள்ளிகள், நாற்பது வரை சாய்கோடுகள், அதற்கு மேற்பட்டால் முழுக்கறுப்பு.

கடைசிப் பகுதி தாயைப் பற்றியது. நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், உடற்சூடு, சிறுநீர், கொடுத்த மருந்துகள் ஆகியன அங்கே இடம்பெறும்.

இதனை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். ஒரு தாய் காலை 6 மணிக்கு 4 சென்ரிமீற்றர் விரிவோடு வந்தாள் எனக் கொள்வோம். எச்சரிக்கைக் கோட்டின்படி 10 மணிக்கு 8 சென்ரிமீற்றர் ஆதல் வேண்டும். பார்த்தபோது 6 தான் இருந்தது. குறி எச்சரிக்கைக் கோட்டுக்கு வலப்புறம் விழுந்தது. மேலும் விரியாது 6 இலேயே நின்றால் நண்பகல் 12 மணிக்குச் செயற்கோட்டைத் தொட்டுவிடும். மீதமிருப்பது இரண்டே மணித்தியாலம். தோட்டத்து மேற்கணக்கிலிருந்து கல்லும் குழியுமான பாதையில் இறங்கி, ஹற்றனைக் கடந்து, தலவாக்கலை வழியாக நுவரெலியா சேர்வதற்கு எவ்வளவு நேரம் செல்லும் என்பதை நம் வாசகருக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. தாள் இல்லாதிருந்தால் 10 மணிக்கு, “வலி நன்றாகத்தானே வருகிறது, பார்ப்போம்” என்பார்கள். தாள் இருந்தமையால், “இப்பொழுதே வண்டியை எடுங்கள்” என்பார்கள்.

இன்னொரு நன்மையும் உண்டு. முறை மாறி வரும் மருத்துவமாதோ, பெரிய வைத்தியசாலையின் வைத்தியரோ அத்தாளை ஒரு நோக்கு நோக்கினால், முன்னர் நடந்தது அனைத்தும் விளங்கும். வலியால் வாய்பேச இயலாத தாயையும், கலங்கிநிற்கும் கணவனையும் கேட்டு விசாரிக்க வேண்டியதில்லை. மருத்துவமாதுக்குத் தமிழ் தெரியாமலும், தாய்க்குச் சிங்களம் தெரியாமலும் இடர்ப்படும் நம் பகுதியில் இது சிறிய உதவியன்று.

சோதனையும் திருத்தமும்

1987 இல் நைரோபி நகரில் கூடிய மாநாட்டில் பாதுகாப்பான தாய்மைக்கான உலக இயக்கம் தொடங்கிற்று. உலக சுகாதார நிறுவனம் இவ்வரைபடத்தைச் செம்மைசெய்து, 1990, 1991 ஆம் ஆண்டுகளில் இந்தோனேசியா, தாய்லாந்து, மலேசியா ஆகிய நாடுகளின் எட்டு வைத்தியசாலைகளில் 35,484 தாய்மாரிடையே சோதித்தது. 1994 இல் முடிவு வெளியாயிற்று. 18 மணித்தியாலத்துக்கு மேல் நீண்ட பிரசவங்கள் நூற்றுக்கு 6.4 இலிருந்து 3.4 ஆகக் குறைந்தன. வலியூட்டும் மருந்து தேவைப்பட்டோர் நூற்றுக்கு 20.7 இலிருந்து 9.1 ஆகக் குறைந்தனர். குழந்தை இறந்து பிறத்தலும் குறைந்தது. காலத்தில் அறிந்து செயற்பட்டமையால் வீண் மருந்தும் வீண் அவசரமும் குறைந்தன என்பது இதன் பொருள். 2000 ஆம் ஆண்டில் அத்தாள் மேலும் எளிதாக்கப்பட்டு, 4 சென்ரிமீற்றரிலிருந்து கோடு தொடங்குவதாயிற்று.

ஆயினும் அறிவு ஓரிடத்தில் நிற்பதில்லை. எல்லாப் பெண்களும் மணித்தியாலத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் என்னும் கணக்குக்குள் அடங்குவதில்லை என்று பிந்திய ஆராய்ச்சிகள் காட்டின. மெல்ல விரிந்தும் நலமே பிள்ளை பெறுவோர் பலர். கோட்டைத் தாண்டிய ஒரே காரணத்துக்காக அவர்களைக் கத்திக்கு உட்படுத்துதல் தகாது. பல ஆய்வுகளைச் சீர்தூக்கிப் பார்த்த 2018 ஆம் ஆண்டின் கொக்றேன் மதிப்பீடும், தாளை நிரப்புவதனால் மட்டும் பயன் விளைகிறது என்பதற்கு உறுதியான சான்று போதாது என்றது. ஆகவே உலக சுகாதார நிறுவனம் 2018 இல் தன் விதிகளைத் திருத்தி, 2020 இல் பிரசவப் பராமரிப்பு வழிகாட்டி என்னும் புதிய தாளை வெளியிட்டது. அதிலே 5 சென்ரிமீற்றரிலிருந்தே விரைவுக் கட்டம் கணக்கிடப்படுகிறது. எல்லோருக்கும் ஒரே சாய்கோடு என்பது நீங்கி, ஒவ்வொரு சென்ரிமீற்றருக்கும் தனித்தனிக் கால எல்லை வகுக்கப்பட்டுள்ளது. தாய்க்குத் துணை இருக்கிறதா, நீராகாரம் அருந்தினாளா, நடமாடினாளா, வலி தணிக்க உதவி கிடைத்ததா என்னும் வினாக்களும் அதில் முதன்முறையாக ஏறின. தாயின் மனமும் கணக்கில் எடுக்கப்பட்டது பெரியதொரு மாற்றமாகும்.

“ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது” என்பது பழமொழி. எழுதிய எழுத்தை நோக்கி எவரும் எழுந்து நடவாவிடின் இந்த ஏடும் உதவாது. எச்சரிக்கைக் கோட்டைத் தாண்டியது என்று எழுதிவிட்டு வண்டியில்லாமல் காத்திருப்பதில் யாது பயன்? அன்றியும், பிரசவம் முடிந்தபின் ஆறுதலாக அமர்ந்து கட்டங்களை நிரப்பும் வழக்கம் பல நாடுகளிலும் காணப்படுவதாக ஆராய்ச்சியாளர் குறைகூறியுள்ளனர். அது நிறுக்காத கொழுந்துக்குக் கணக்கெழுதுவதைப் போன்றது. வேலைப்பளுவினால் அது நேருமாயின், பளுவைக் குறைப்பதே பரிகாரம். ஒரே மருத்துவமாது பல தாய்மாரை ஒரே இரவில் கவனிக்க விட்டுவிட்டு, கோடு சரியில்லை என்று அவளைக் கடிந்துகொள்வது நீதியாகாது.

எழுத்தின் பயன் வேறொன்று

பிரசவ வேளையின் எழுத்து தாயைக் காத்தது; பிறப்பைப் பதிந்த எழுத்து பிள்ளையின் உரிமையைக் காத்தது. 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம், தந்தையோ பாட்டனும் பூட்டனுமோ இத்தீவில் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. 1949 ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் பல்லாண்டு தொடர்ந்து வசித்தமைக்குச் சான்று கேட்டது. லயத்தில் பிறந்து, வாய்க்கணக்கில் வளர்ந்த நம் முன்னோருள் பலரிடம் காட்டுவதற்குக் கடதாசி இல்லை. கடனுக்குத் துண்டு எழுதிய கைகள் பிறப்புக்குச் சீட்டு எழுதுவதில் அத்துணை அக்கறை காட்டவில்லை. அதன் விளைவை 1964 ஆம் ஆண்டின் ஒப்பந்தமும் அதன்பின் புறப்பட்ட கப்பல்களும் நமக்குக் கற்பித்தன. 2003 ஆம் ஆண்டின் சட்டம் வந்த பின்னரே நாடற்றோர் என்னும் பழி முற்றாக நீங்கிற்று. ஆகவே எழுதிவைத்தல் என்பதை அலுவலகத்து அலுப்பான வேலை என்று நம்மவர் ஒருபோதும் கருதலாகாது.

நாம் செய்யத்தக்கவை

பிரசவ வரைபடத்தை எழுதுவது மருத்துவமாதின் தொழில். அதில் நமக்கு வேலையில்லை. ஆனால் அந்தத் தாள் தொடங்குமுன்னர் உள்ள மணித்தியாலங்கள் வீட்டாருக்கும் அயலாருக்கும் உரியவை. வலி கண்ட வேளைக்கும் வைத்தியசாலை வாயிலுக்கும் இடையே கிடக்கும் பாதையை எந்த வைத்தியரும் வந்து சுருக்கமாட்டார். அங்கேதான் வாலிபர் சங்கங்களுக்குப் பணி இருக்கிறது.

முதலாவதாக, ஒவ்வொரு கர்ப்பவதியும் மாதம் தவறியவுடனேயே மருத்துவமாதிடம் பதிவுசெய்துகொள்ளுமாறு வீட்டுப் பெரியோர் தூண்டுதல் வேண்டும். கொழுந்துக் காலத்தில் ஒருநாட் பேர் போய்விடுமே என்று கிளினிக் நாளைத் தவறவிடுதல் கூடாது. அங்கு கொடுக்கப்படும் கர்ப்பப் பதிவட்டை பெட்டிக்குள் ஒளித்துவைப்பதற்கன்று. போகுமிடமெல்லாம் உடன் கொண்டுசெல்வதற்கே. இரத்த வகையும் இரத்த அழுத்தமும் முன்னைய பிரசவங்களின் வரலாறும் அதிலேயே உள்ளன.

இரண்டாவதாக, வலி தொடங்கிய நேரத்தையும் பன்னீர்க்குடம் உடைந்த நேரத்தையும் வீட்டிலேயே ஒரு கடதாசியில் எழுதுதல் வேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளை இல்லாத லயம் இன்று இல்லை. இரண்டு வரி எழுத்து, பிரசவ அறையில் தொடங்கும் கோட்டுக்கு முதற்புள்ளியாக அமையும்.

மூன்றாவதாக, வண்டி. மாதம் நிறைந்த தாயுள்ள லயத்தில், இரவு வேளையில் எவருடைய வாகனம் வரும், அதற்கு எவரை எழுப்பவேண்டும் என்பதை முன்கூட்டியே பேசிவைத்தல் வேண்டும். 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் சேவை இன்று உண்டு. ஆனால் தொலைபேசி எட்டாத பள்ளங்களும், பெரிய வண்டி ஏறாத பாதைகளும் நம் தோட்டங்களில் இல்லாமலில்லை. சங்கத்து வாலிபர்கள் சிரமதானத்தால் ஒரு பாதையைச் சீர்செய்தால், எச்சரிக்கைக் கோட்டுக்கும் செயற்கோட்டுக்கும் இடையே அரை மணித்தியாலத்தை ஒரு தாய்க்குத் தானமாகக் கொடுத்தவராவர்.

நான்காவதாக, நம் பெண்மக்களுள் படித்தவர்களை மருத்துவமாதர் பயிற்சிக்கு ஊக்குவித்தல் வேண்டும். டிக்கோயாவில் இந்திய உதவியோடு அமைந்து 2017 மே மாதம் திறந்துவைக்கப்பட்டது போன்ற கட்டடங்கள் எழுவது மகிழ்ச்சிக்குரியது. கட்டடத்தினுள் தாயின் மொழியிலே, “எப்போதம்மா வலி கண்டது?” என்று கேட்பவர் இருந்தாலன்றோ அம்மகிழ்ச்சி நிறைவுபெறும்.

தேயிலையின் ஒவ்வொரு கொழுந்தும் இம்மலைகளில் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக நிறுத்து எழுதப்பட்டு வந்துள்ளது. அக்கொழுந்தைப் பறித்த தாயின் பேறுகால மணித்தியாலங்களும் அதே கவனத்தோடு எழுதப்படவேண்டும். எழுதியதைக் கண்டவர் உடனே எழுந்து வழிவிடவும் வேண்டும். இவ்வாண்டு நம் சங்கம் மேற்கொள்ளத்தக்க தொண்டு இதனினும் சிறந்தது வேறில்லை என்பதே எமது துணிபு.